பக்கத்து வீட்டுச் சாவி: நம்பிச் சொன்னதை எப்போது காப்பது, எப்போது வெளியே சொல்வது?

சமூகப் பணி படிக்கும் மாணவர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆற்றுப்படுத்துநர்களுக்கும் (கவுன்சலர்களுக்கும்) வகுப்பெடுக்கும்போது, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கருத்துகளை ஒரே மணி நேரத்துக்குள் கேட்டுவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. "நம்மிடம் சொன்னதை என்ன ஆனாலும் வெளியே சொல்லக் கூடாது, அதுதான் தொழில் தர்மம்" என்பார் ஒருவர். சற்று நேரத்தில் இன்னொருவர் எழுந்து, "பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளையோடு நமக்கு என்ன இரகசியம்?" என்று கேட்பார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனாலும் முதலாமவர் வாய் திறக்காததால் ஒரு குழந்தை இன்னும் ஆறு மாதம் துன்பத்தில் கிடக்க நேரிடலாம். இரண்டாமவர் வாய் திறந்துவிட்டதால் ஒரு பெண் அன்றிரவே வீட்டைவிட்டு வெளியேற்றப்படலாம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரகசியம் காப்பதை நாம் ஒரு குணமாகப் பார்த்துப் பழகியிருப்பதுதான். வாய் இறுக்கமானவர் நல்லவர், உளறுவாயர் கெட்டவர் என்ற அளவில் நம் புரிதல் நின்றுவிடுகிறது. பிறருடைய துன்பத்தோடு தொழில்முறையில் பழகுகிற ஒருவருக்கு இரகசியம் காப்பது ஒரு வேலைமுறை. அதற்குத் தொடக்கம் உண்டு, எல்லை உண்டு, எல்லையைத் தாண்ட வேண்டி வந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு.

சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்

பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போகிற ஒரு குடும்பம், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாவி அந்த அம்மாவின் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதனால் வீடு அவருடையதாகிவிடவில்லை. வேடிக்கை பார்க்கக்கூட அவர் உள்ளே போகமாட்டார். வீட்டுக்காரரின் தம்பி வந்து, "எங்க அண்ணன் வீடுதானே, சாவியைக் கொடுங்க" என்று கேட்டாலும், "இருங்க தம்பி, ஒரு வார்த்தை போன்ல கேட்டுக்கிறேன்" என்பார். தம்பி கெட்டவர் என்பதால் அவர் அப்படிச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தவர் தம்பி இல்லை என்பதால்தான் சொல்கிறார்.

மூன்றாம் நாள் அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் புகை வருகிறது. இப்போது அவர் போன் எடுக்கப்படும் வரை காத்திருக்கமாட்டார். கதவைத் திறந்து மெயின் சுவிட்சை அணைப்பார். தேவையென்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வார். ஆனால் பீரோவைத் திறக்கமாட்டார், தெருவில் கூடியவர்களையெல்லாம் உள்ளே விடமாட்டார். புகை அடங்கியதும் ஊருக்குப் போன் செய்து, "இப்படி ஆயிடுச்சு, நான்தான் திறந்தேன், இன்னது செஞ்சேன்" என்று சொல்லிவிடுவார்.

ஆற்றுப்படுத்துநரோ செவிலியரோ ஆசிரியரோ தம்மிடம் நம்பிச் சொல்லப்பட்ட செய்தியை நடத்த வேண்டிய முறை முழுவதும் இந்தச் சாவிக்குள் இருக்கிறது. தொழிலின் பொருட்டு ஒருவர் நம்மிடம் சொன்ன செய்தியை, அவர் சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தி, அவர் ஒப்புதல் இல்லாமல் பிறருக்குத் தராமல் இருப்பதையே இரகசியக் காப்பு என்கிறோம். அதைக் காப்பதா, திறப்பதா, திறந்தால் யாருக்கு எவ்வளவு என்று காரணங்களோடு ஆராய்ந்து தீர்மானிப்பதற்கு நெறிசார் முடிவெடுத்தல் என்று பெயர்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: செய்தி சொன்னவருடையது, நாம் காவலர் மட்டுமே, உறவு என்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார், ஆபத்து வந்தால் திறக்கலாம், தேவையான கதவை மட்டும் திறக்க வேண்டும், திறந்ததை உரியவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரே செய்தி, வெவ்வேறு விலை

நலிவுநிலை என்ற சொல்லையும் இங்கே தெளிவுபடுத்திவிட வேண்டும். தம் வாழ்க்கையைப் பற்றிய முக்கியமான முடிவுகளுக்குப் பிறரைச் சார்ந்திருக்க வேண்டிய நிலையும், தீங்கு நேர்ந்தால் அதிலிருந்து விலகிச் செல்ல வழியற்ற நிலையும் சேர்ந்திருப்பதே நலிவுநிலை. அது மனிதரின் குணமோ அறிவுக் குறைவோ இல்லை. அவர் நிற்கும் இடம். கம்பீரமாக அலுவலகம் நடத்திய ஒருவர், பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து, குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் மருமகளை எதிர்பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நலிவுநிலையில் இருக்கிறார்.

சென்னையில் தனியே வீடெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் ஒருவர், தாம் மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்குவதை யாரோ வெளியே சொல்லிவிட்டால் கோபப்படுவார், மருத்துவரை மாற்றுவார், வேண்டுமானால் வழக்குப் போடுவார். அதே செய்தி ஒரு சிறிய ஊரில், கணவன் வீட்டில் இருக்கும், சொந்த வருமானம் இல்லாத பெண்ணைப் பற்றியதாக இருந்தால், திருமணமே முறிவதற்கு அது காரணமாகலாம். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வாதத்தில் அவருக்கு எதிராக எடுத்து நீட்டப்படலாம். அவர் ஆற்றுப்படுத்துநரை மாற்றிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் இருப்பவரே ஒருவர்தான். ஆகவே, "நான் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறேன்" என்று சொல்லும் பணியாளர் நேர்மையாக நடந்துகொள்வதாக நினைக்கலாம். செய்தி கசிந்தால் அதன் விலையைக் கொடுக்கப் போவது யார் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே மிஸ்?"

இனி நான் சொல்லும் மாணவி ஒருத்தி அல்லள். பலருடைய நிகழ்வுகளைக் கலந்து, ஊரையும் வயதையும் குடும்பத்தையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அப்படி மாற்றுவதும் சாவியைக் காப்பதன் ஒரு பகுதியே.

மதிய உணவு இடைவேளை முடியும் நேரம். பள்ளியின் பழைய ஆய்வகத்தின் ஒரு மூலையில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு ஆற்றுப்படுத்துநருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து உட்காருகிறாள். அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். மாதத் தேர்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறாள். பிறகு குரல் இறங்குகிறது. "மிஸ், ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?"

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்தக் கண்களைப் பார்த்தவுடன், "சத்தியமா சொல்லமாட்டேன்டா, தைரியமா சொல்லு" என்று வாயில் வந்துவிடும். அவள் சொல்லத் தொடங்குவாள். வீட்டுக்கு அடிக்கடி வரும் உறவினர் ஒருவர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொள்கிறார் என்பாள். அந்த நொடியில் ஆற்றுப்படுத்துநர் தாம் காப்பாற்ற முடியாத ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டிருக்கிறார். சட்டப்படி அவர் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால், தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெரியவரை நம்பிய குழந்தை, அந்தப் பெரியவரும் ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்துகொள்கிறது.

மாறாக, "அதெல்லாம் சொல்ல முடியாது, சட்டம் இருக்கிறது" என்று கறாராகத் தொடங்கினால், அவள் நாடாவை அவிழ்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல மிஸ், சும்மாதான் கேட்டேன்" என்று எழுந்து போய்விடுவாள், மீண்டும் வரமாட்டாள். இரகசியக் காப்பு ஏன் இருக்கிறது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது. நம்பிக்கை இல்லாத இடத்தில் உண்மை பேசப்படுவதில்லை, பேசப்படாத தீங்கிலிருந்து யாரையும் காப்பாற்றவும் முடிவதில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு பதில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் அதை ஏறக்குறைய இப்படிச் சொல்வார்கள்: "நீ சொல்றதுல பெரும்பாலானது என்னோடயே இருக்கும்மா. உன் ஃபிரண்ட்ஸ் கூட சண்டை, வீட்டுல திட்டு, யாரையாவது பிடிச்சிருக்கு, அதெல்லாம் யாருக்கும் போகாது. ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, அதை நான் மட்டும் வெச்சிருக்க முடியாது. அப்படிச் சொல்ல வேண்டி வந்தா, யாருகிட்ட, என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்வேன். உனக்குத் தெரியாம உன் முதுகுக்குப் பின்னால எதுவும் நடக்காது." இதைக் கேட்ட பிறகும் அவள் பேசினால், எல்லை தெரிந்துதான் பேசுகிறாள். நடக்கப்போவது என்ன, அதன் விளைவு என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறிந்த பிறகு ஒருவர் இசைவதை அறிந்து தரும் ஒப்புதல் என்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் போடும் கையெழுத்தோடு மட்டும் இதைச் சேர்த்துப் பார்ப்பது நம் வழக்கம். ஒரு குழந்தை வாய் திறப்பதற்கு முந்தைய அந்த அரை நிமிடத்திலும் அது தேவைப்படுகிறது.

எல்லையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் பேசமாட்டார்களே என்ற அச்சம் வகுப்பில் எப்போதும் எழும். சிலர் அன்று பேசாமல் போவது உண்மைதான். ஆனால் ஏமாற்றி வாங்கிய செய்தியைவிட, இரண்டு வாரம் கழித்து எல்லை தெரிந்தே வந்து சொல்லப்படும் செய்தி அந்தக் குழந்தைக்கு அதிகம் உதவும் என்பதே என் உறுதியான கருத்து.

சட்டமே கதவைத் திறக்கச் சொல்லும் இடம்

சில இடங்களில் பணியாளருக்குத் தெரிவு என்பதே இல்லை. தீங்கைப் பற்றி அறிந்தவர் உரிய அதிகாரியிடம் சொல்லியே தீர வேண்டும் என்று சட்டம் விதிப்பதைக் கட்டாயத் தகவலளிப்பு என்கிறோம். 18 வயது நிறையாதோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. அதன் 19-ஆவது பிரிவின்படி, இத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமல்லர், நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் உள்ளவரும், சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அதே பிரிவு உறுதி தருகிறது.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டத்தைச் சுற்றியும் தவறான நம்பிக்கைகள் பல இருக்கின்றன. தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும் என்று நினைக்கிறார்கள். கடமை தனிமனிதருடையது, மேலிருப்பவர் "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று சொன்னதால் அது தீர்ந்துவிடாது. ஆதாரம் திரட்டிய பிறகே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள்; விசாரிப்பது காவல் துறையின் வேலை. நாமே குழந்தையைத் துருவித் துருவிக் கேட்டால் அவளுக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டாலே போதும் என்று நினைக்கிறார்கள். அந்த உதவி எண் குழந்தைக்கு மிகவும் பயன்படும், ஆனால் சட்டம் பெயர் குறிப்பிட்டுச் சொல்வது காவல் துறையைத்தான்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு ஒன்று இருக்கிறது. காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொன்னதை, எல்லாருக்கும் சொல்லலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தகவல் போன மறுநாளே ஆசிரியர் அறை முழுவதும் பேச்சு, வாட்ஸ்அப்பில் அரைகுறைச் செய்தி, அவள் வகுப்புக்குள் நுழையும்போது திரும்பும் தலைகள். சட்டம் திறக்கச் சொன்னது ஒரு கதவை மட்டுமே. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை அதே போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. சொல்லும் கடமையும் மறைக்கும் கடமையும் ஒரே சட்டத்துக்குள் நான்கு பிரிவு இடைவெளியில் இருக்கின்றன.

மனதை மிகவும் அலைக்கழிக்கும் வழக்குகள் வேறு வகை. 17 வயதுப் பெண், ஏறக்குறைய அதே வயதுப் பையனை விரும்பிக் கருவுற்றிருக்கிறாள். சட்டத்தின் கண்ணில் அவளுடைய இசைவு இசைவே ஆகாது. மருத்துவர் தகவல் தர வேண்டும். தந்தால் பெயர் வெளியே வருமோ என்று அஞ்சிய குடும்பங்கள் தகுதியற்றவர்களிடம் கருக்கலைப்புக்குப் போயின. இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தந்த தீர்ப்பில் ஓரளவு தளர்த்தியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் 19-ஆவது பிரிவின்படி தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாள விவரங்களையும் குறிப்பிட வேண்டியதில்லை என்றது. கடமை அப்படியே நிற்கிறது. அதற்காகத் திறக்கும் கதவு மட்டும் சிறிதாக்கப்பட்டது. நெறிசார் முடிவெடுத்தல் எப்படிச் சிந்திக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

இந்தப் பகுதியில் மனத்தில் நிறுத்த வேண்டியவை இரண்டு. குழந்தைமீதான பாலியல் குற்றத்தில் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி இல்லை. யாரிடம், எவ்வளவு, எப்படி என்ற கேள்விகள் மட்டுமே உண்டு. சொல்ல வேண்டியவரிடம் சொன்ன பிறகு, மற்றவர் அனைவருக்கும் அது இரகசியமாகவே நீடிக்கிறது.

நம்பிக்கை மையத்தின் வாசலில்

பெரியவர்கள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்த நோயைவிட இந்த நோயின் பெயருக்கே அதிகம் அஞ்சின. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றே பெயர். அங்கே பணிபுரிவோர் நாள்தோறும் சந்திக்கும் காட்சி ஒன்று உண்டு.

கருவுற்ற மருமகளை அழைத்து வந்த மாமியார், அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வருகிறார். "என்ன சார் ரிசல்ட்டு? நான் அவ மாமியார்தான், என்கிட்ட சொன்னா என்ன?" ஆலோசகர் எழுந்து நின்று பதில் சொல்கிறார். "உங்க அக்கறை புரியுதும்மா. யாரோட ரிப்போர்ட்டா இருந்தாலும் அவங்ககிட்டதான் சொல்லுவோம். அவங்களைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

இந்தப் பதிலின் நுட்பம், அது எல்லாருக்கும் ஒன்றுபோல் சொல்லப்படுவதில் இருக்கிறது. தொற்று இல்லாதபோது, "ஒண்ணுமில்லம்மா, நல்லாயிருக்காங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, தொற்று இருக்கும்போது மட்டும், "அவங்களை வரச் சொல்லுங்க" என்றால், அந்த அழைப்பே முடிவை அறிவித்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. நல்ல செய்தியையும் காத்தால்தான் கெட்ட செய்தி காக்கப்படும்.

ஆனால் கணவனுக்குத் தொற்று இருந்து, மனைவிக்குத் தெரியாமல் இருந்தால்? இங்கே ஆபத்தில் இருப்பவர் வேறொருவர். 1998-இல், மருத்துவமனை தம் எச்.ஐ.வி. நிலையை வெளியிட்டதால் நிச்சயமான திருமணம் நின்றுவிட்டது என்று ஒருவர் தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை வரம்பற்றதன்று, மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலமும் உயிரும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அந்தப் பொதுக் கருத்தைப் படிப்படியான வழிமுறையாக வகுத்தது. அதன்படி, துணைவருக்குத் தொற்றும் அபாயம் கணிசமானது என்று மருத்துவரோ ஆலோசகரோ நியாயமாக நம்ப வேண்டும். தொற்றுள்ளவரிடம் அவரே சொல்லும்படி ஆலோசனை கூறியிருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியாக வேண்டும். "நான் சொல்லப் போகிறேன்" என்று அவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். அதன் பிறகே துணைவரிடம் நேரில், உரிய ஆலோசனையோடு சொல்லலாம்.

அதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, கணவனிடம் சொன்னால் அடிக்கப்படுவார், கைவிடப்படுவார், அவருடைய அல்லது குழந்தைகளின் பாதுகாப்புக்குக் கடும் கேடு வரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், சொல்லக் கூடாது என்று தடுக்கிறது. ஒரே செய்தியைச் சொல்வதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலை இல்லை என்பதைச் சட்டத்தை வகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். முன்பு நலிவுநிலை பற்றிச் சொன்னது இங்கே சட்ட வாசகமாகவே நிற்கிறது.

யாரிடம் சொன்னோம் என்பதும் கேள்வி

உயிருக்கே ஆபத்து என்னும்போது இரகசியம் விலகிவிடும் என்பது பலருக்குத் தெரியும். அப்படிச் சொல்பவர்கள் அமெரிக்காவின் தராசாஃப் வழக்கை மேற்கோள் காட்டுவார்கள். பெரும்பாலும் தவறாகவே காட்டுவார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாக 1969-இல் தம் உளவியலாளரிடம் சொன்னார். பின்னர் அப்பெண் கொல்லப்பட்டார். உளவியலாளர் வாயை மூடிக்கொண்டிருந்ததால் இது நேர்ந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் பல்கலைக்கழகக் காவலர்களிடம் தெரிவித்தார். அவர்கள் மாணவரை விசாரித்து, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். ஆபத்திலிருந்த பெண்ணுக்கோ அவருடைய பெற்றோருக்கோ யாரும் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, புகை எந்த அறையிலிருந்து வருகிறதோ அங்கே போய்ச் சேர வேண்டும்.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆவது பிரிவில் மனநோயுள்ளவரின் இரகசிய உரிமையை உறுதி செய்துவிட்டு, உயிருக்கு அச்சுறுத்தல், பிறரை வன்முறையிலிருந்து காக்கும் தேவை, நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகளைத் தருகிறது. பிறரைத் தீங்கிலிருந்து காப்பதற்காகச் சொல்லும்போது, குறிப்பிட்ட அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே சொல்ல வேண்டும் என்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால், அன்றிரவு அவருடன் இருக்கப் போகிறவருக்கு, "இன்றைக்கு இவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைக் கையில் கிடைக்காமல் வையுங்கள்" என்பது தெரிந்தாக வேண்டும். காதல் தோல்வியும் அப்பாவின் குடியும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் வரிசை

மேலே பார்த்த வழக்குகள் வெவ்வேறாகத் தோன்றினாலும், நன்றாக முடிவெடுப்பவர்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். இந்தச் செய்தி யாருடையது என்று முதலில் கேட்கிறார்கள். அடுத்து, வருவது உண்மையிலேயே புகையா, அல்லது எனக்குப் பிடிக்காத சமையலின் வாசனையா என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாம் கேள்வியில் நேர்மையாக இருப்பது கடினம். 20 வயதுப் பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்பது ஆபத்து இல்லை. அதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவதுதான் நம் ஊரில் அவளுக்கு ஆபத்தாக முடியலாம். "அவள் நன்மைக்காகச் சொன்னேன்" என்ற சொற்கள் நம் வாயிலிருந்து வரும்போதெல்லாம், அவளுடைய நன்மையா, நம்முடைய நிம்மதியா என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

புகைதான் என்று உறுதியானால், சட்டம் எனக்குத் தெரிவு வைத்திருக்கிறதா என்பது மூன்றாவது. தெரிவு இருந்தால், அவரே சொல்ல நான் துணை நிற்க முடியுமா என்பது நான்காவது. முடியாது என்றால், யாரிடம் சொன்னால் ஆபத்து குறையும், எத்தனை குறைவாகச் சொன்னால் போதும் என்று பார்க்க வேண்டும்.

இதைத் தனியாக யோசிக்கவும் கூடாது. அனுபவமுள்ள மூத்தவரிடம் ஒரு வழக்கைப் பற்றிக் கலந்தாலோசித்து வழிகாட்டல் பெறுவதைத் தொழில்முறை மேற்பார்வை என்கிறோம். பெயரும் ஊரும் சொல்லாமலேயே பெரும்பாலான வழக்குகளை மூத்தவரிடம் பேசிவிட முடியும். முடிவெடுத்த பிறகு, அன்று என்ன தெரிந்திருந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் தேர்ந்தோம் என்பதைத் தேதியோடு பதிவேட்டில் எழுத வேண்டும். எழுத உட்காரும்போது காரணம் தடுமாறினால், முடிவும் தடுமாறுகிறது என்று பொருள்.

பெரிய வழக்குகளில் இல்லை, சிறிய கசிவுகளில்

இவ்வளவும் சொன்ன பிறகும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த இரகசிய மீறல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இத்தகைய கடினமான முடிவு எதுவும் இருந்ததில்லை. யாரும் எதையும் முடிவு செய்யவே இல்லை. செய்தி தானாகக் கசிந்தது. ஓ.பி. சீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு குறி. நோயாளி வரிசையில் நிற்க, "அந்த மெண்டல் வார்டு கேஸ் யாரு?" என்று தாழ்வாரத்தில் ஒரு கூப்பாடு. ஷேர் ஆட்டோவில் அமர்ந்து சக பணியாளரிடம் போனில் பேசும் வழக்கு விவரம். ஓட்டுநர் அதே ஊர்க்காரர்.

குழந்தைகள் இல்லங்களில் இது வேறு வடிவம் எடுக்கிறது. பிறந்தநாள் கொண்டாட வரும் நன்கொடையாளர், பிரியாணிப் பொட்டலங்களோடு குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார். இல்லத்தின் பெயர்ப்பலகை பின்னால் தெரிகிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 74-ஆவது பிரிவில் தடை செய்கிறது. நிர்வாகிக்கு அது தெரிந்தே இருக்கும். அடுத்த மாத அரிசிக்கும் அந்த நன்கொடையாளரை எதிர்பார்க்க வேண்டியிருப்பதால் மறுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. என்றாலும், கொடுத்த பொருளைப் படமெடுங்கள், குழந்தைகளை வேண்டாம் என்று வாசலிலேயே எழுதி மாட்டிவிட்ட இல்லங்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் அரிசி வந்துகொண்டுதான் இருக்கிறது.

சொன்ன பிறகு

அந்தப் பழைய ஆய்வகத்துக்குத் திரும்புவோம். மாணவி சொல்லிவிட்டாள். ஆற்றுப்படுத்துநர், முன்பு சொன்னபடியே, இதைக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவளிடம் முதலில் சொல்கிறார். அவள் அழுகிறாள், வேண்டாம் என்கிறாள். "வேண்டாம்னு நீ சொன்னதையும் நான் எழுதிக்கிறேன்மா. ஆனா இதை என்னால மறைக்க முடியாது. எப்படி நடக்கும்னு சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

திறந்த கதவைப் பற்றி உரிமையாளருக்குப் போன் செய்வது என்று தொடக்கத்தில் சொன்னது இந்த வேலையைத்தான். இதற்குப் பொறுமை வேண்டும், சரியான தகவலும் வேண்டும். வாக்குமூலம் வாங்க வருபவர் இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருப்பார். அவர் சீருடையில் வரக் கூடாது. அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் வேறு இடத்திலோ பேசலாம். அம்மாவையோ அவள் நம்பும் வேறொருவரையோ உடன் வைத்துக்கொள்ளலாம். அந்த உறவினரை அவள் நேருக்கு நேர் பார்க்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது காவல் துறையின் பொறுப்பு. எக்காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் அவளை இருக்க வைக்க முடியாது. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கும். வழக்கு முழுவதும் அவளுடன் வர ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு தரலாம். வகுப்பு ஆசிரியருக்கு, சில நாள் விடுப்புத் தேவைப்படலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்படாது.

அவள் நாடாவைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு யூனிஃபார்ம்ல வரணுமா மிஸ்?"

"வேணாம்மா. உனக்குப் பிடிச்ச டிரஸ்ல இரு."